பெயர் கூப்பிட்டவர்

என் அப்பா நீதிமன்றத்தில் பெயர் கூப்பிடும் வேலை பார்த்தார். வழக்கை எடுத்ததும் வாசலுக்கு வந்து, உரியவரின் பெயரை மூன்று முறை உரக்கச் சொல்ல வேண்டும். மூன்றாவது குரலுக்கும் ஆள் வராவிட்டால் உள்ளே போய், "இல்லைங்கய்யா" என்பார். அந்த ஆள் இல்லாமலே வழக்கு முடிந்துவிடும்.

வீட்டிலும் அதே வழக்கம்தான். அப்பா, நான், என் மகள் என்று மூன்றே பேர் இருக்கும் வீட்டுக்கு அந்தக் குரல் ரொம்பவே அதிகம். சாப்பிடக் கூப்பிட்டால் நான் முதல் குரலுக்கே போய்விடுவேன். மகள் மூன்றாவதற்குத்தான் அசைவாள்.

"வராட்டி உன் முட்டை எனக்குத்தான். தீர்ப்பு சொல்லியாச்சு."

"அப்பீல் பண்ணுவேன் தாத்தா!"

"வாய்க்கு மட்டும் குறைச்சலே இல்ல. முதல்ல போய்க் கையக் கழுவு."

அவளுக்கு எட்டு வயதிருக்கும். ஒருநாள் அப்பா சாப்பாட்டில் கை வைக்காமல் உட்கார்ந்திருந்தார். என்னவென்று கேட்கத் தயங்கினேன். அவள் கேட்டுவிட்டாள்.

காலையில் ஒரு அம்மாளின் பெயரைக் கூப்பிட்டிருக்கிறார். வீட்டு வழக்கு. வளாகத்தில் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. யாரும் வரவில்லை. "இல்லைங்கய்யா" என்று சொல்லிவிட்டார். வீடு அந்த அம்மாளின் கையை விட்டுப் போய்விட்டது. சாயங்காலம் அப்பா கதவைப் பூட்டும்போது, மரத்தடியிலிருந்து அவள் எழுந்து வந்தாளாம். ஒரு காது கேட்காதாம். "ஐயா, என்னைய எப்போ கூப்பிடுவீங்க?" என்று கேட்டாளாம்.

"நீங்க என்ன தாத்தா சொன்னீங்க?"

அப்பா தட்டைத் தள்ளி வைத்தார்.

"அவங்களுக்குப் பதிலா வேற யாராவது 'இருக்காங்க'ன்னு சொல்லக் கூடாதா?"

"வக்கீல் இருந்தா சொல்லலாம். அவளுக்கு யாரும் இல்லியே."

"அப்ப நான் சொல்றேன்."

அன்று சொன்னதை அவள் விடவில்லை. அப்பா ஆசையாகத்தான் சீண்டுவார். "நீ கறுப்புக் கோட்டு மாட்டிக்கிட்டு வர்ற அன்னிக்கு, ஜட்ஜய்யாகிட்ட கேட்டு உன் கேஸ நானே கூப்பிடறேன். நீயும் மூணாவது தடவைக்குத்தான் வருவியா?"

"உங்க குரலுக்கு இல்லாத கட்சிக்காரனே ஓடி வந்துடுவான் தாத்தா!"

ஓய்வு பெற்ற மறு வருடம் அப்பாவின் தொண்டையில் கட்டி வந்தது. உயிரைக் காப்பாற்றக் குரலை எடுத்தார்கள். வீடு திரும்பிய பிறகு, சாப்பாட்டு வேளையில் கரண்டியால் டம்ளரைத் தட்டிக் கூப்பிட்டார், மூன்று தட்டு. மகள் இப்போது முதல் தட்டுக்கே ஓடி வந்தாள். அது அவருக்குப் பிடிக்கவில்லை. இரண்டாவது தட்டுக்கு ஓங்கிய கரண்டியைக் கீழே வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

சட்டப் படிப்புக்கான தேர்வில் அவள் தேறினாள். கல்லூரியில் இடம் ஒதுக்கும் நாளுக்கு முந்தின வாரம் அப்பா போய்விட்டார்.

"நான் போகல. யாருக்கும்மா இனிமே?" என்றாள் மகள்.

அவள் தலையை வாரிவிட்டு, கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனேன்.

பெரிய கூடம். மேசையருகே நின்ற குமாஸ்தா பெயர்களை வாசித்தார். மெலிந்த குரல், பாதியை மின்விசிறி தின்றது. பெயர் வந்ததும் எழ வேண்டும், இல்லையென்றால் இடம் அடுத்தவருக்கு. மகளின் பெயர் வந்தது. அவள் குனிந்தபடியே இருந்தாள். தோளைத் தொட்டேன், அசையவில்லை. இரண்டாவது முறையும் வந்தது. அவள் மடியில் கண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. குமாஸ்தா மூன்றாவது முறை வாசித்துவிட்டுப் பேனாவை எடுத்தார்.

எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். பள்ளியில் வருகைக்குப் பெயர் வாசித்தால்கூட என் குரல் எழும்பாது.

"இருக்கா! இங்கதான் சார் இருக்கா!"

கூடமே திரும்பிப் பார்த்தது. மகள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"ஏம்மா, கூப்பிட்டாக் காது கேக்காதா?" என்றார் குமாஸ்தா.

"கேட்டுச்சு சார்," என்றாள்.

வீட்டுக்கு வந்து சோறு வடித்து வைத்தேன். அவள் அறையில் இருந்தாள், நான் அடுப்படியில் இருந்தேன். சோறு ஆறிக்கொண்டிருந்தது. யாரும் கூப்பிடாமல் சாப்பிட வந்து எங்கள் இருவருக்கும் பழக்கமில்லை.