ஏரிக்கரையில் இரண்டாவது பம்பை

சென்னையில் டிரம்ஸ் சொல்லிக்கொடுத்துப் பிழைக்கிறவன் நான். கையில் வேகம் உண்டு, அதைப் பற்றிய திமிரும் கொஞ்சம் உண்டு. சென்ற ஆண்டு ஓர் ஒலிப்பதிவுக்குப் பம்பை வாசிக்க மணிமாறன் என்பவர் ஆம்பூர்ப் பக்கத்திலிருந்து வந்திருந்தார். ஷூ கம்பெனியில் தோல் வெட்டும் பிரிவில் வேலை, லீவு நாட்களில் பம்பைக்காரர். என் வயதுதான். அவர் வாசித்ததை எந்தக் கணக்கில் எழுதுவது என்று எனக்குப் பிடிபடவே இல்லை. கேட்டதற்கு, ஊருக்கு வந்து பாருங்கள் என்றார். தை மாதத்தில் ஒரு சனிக்கிழமை கிளம்பிவிட்டேன்.

சென்ட்ரலிலிருந்து ஆம்பூர் ஏறக்குறைய 180 கிலோமீட்டர். காலை ரயிலில் மூன்று மணி நேரம், டிக்கெட் நூறு ரூபாய்க்குள். காட்பாடி தாண்டியதும் மலைகள் கூடவே வரும், அப்போது தூங்கிவிடாதீர்கள். ஆம்பூரில் இறங்கி பிரியாணி சாப்பிட்டேன். தொட்டுக்கொள்ளத் தந்த கத்தரிக்காயை இரண்டாம் முறை கேட்டு வாங்கினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மணிமாறனின் ஊர் பேர்ணாம்பட்டு சாலையில் ஒன்பது கிலோமீட்டர், ஆட்டோவுக்கு 250 ரூபாய். பம்பை கேட்கப் போகிறேன் என்றதும் ஆட்டோக்காரர், "அதுக்கா சார் இம்மாந்தூரம்?" என்று என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

அன்று மாலை அந்த ஊரில் பூவாடைக்காரி அழைப்பு. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கணவன் இருக்கும்போதே இறந்துபோன பெண்ணை இந்தப் பக்கத்தில் பூவாடைக்காரி என்று கும்பிடுகிறார்கள். வீட்டில் கல்யாணம் என்றால் முதல் நாள் நீர்நிலைக்குப் போய், பம்பை அடித்து அவளைக் கூப்பிடுகிறார்கள். அவள் சொந்தக்காரர் யார் மேலாவது வந்து வாக்குக் கொடுத்த பிறகு, பூ சுற்றிய கரகத்தில் வீட்டுக்கு அழைத்துப் போகிறார்கள்.

அன்றைக்கு மணப்பெண் நிர்மலா. மணிமாறன் வேலை செய்யும் அதே கம்பெனியில் தையல் பிரிவில் இருக்கிறாள். மாப்பிள்ளையும் அங்கேதான், அவளாகப் பார்த்துக்கொண்ட பையன். பத்திரிகை அடித்தாகிவிட்டது, பந்தலும் போட்டாகிவிட்டது. ஆனால் அப்பா அந்தப் பையனிடம் இன்னும் ஒரு வார்த்தை பேசவில்லை. கேட்டால், "உங்கம்மா வந்து சொல்லட்டும்" என்பதோடு சரி. அம்மா இறந்து நாலு வருடம் ஆகிறது. நிர்மலா காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்றார்கள்.

இந்த நேரம் பார்த்து இரண்டாவது பம்பைக்காரர் வரவில்லை. "தோஸ்த்துக்குக் கம்பெனில ஓ.டி. போட்டுட்டாங்க, இன்னிக்கு ஷூ கன்டெய்னர் போவணுமாம். ஒத்தப் பம்பைக்குப் பூவாடைக்காரி வரமாட்டாங்கண்ணா, நீங்கதான் கட்டணும்" என்றார் மணிமாறன். இரண்டு உருளைகளைச் சேர்த்துக் கட்டிய கருவி அது. இடுப்பில் கட்டிக்கொண்டு குச்சியால் அடிக்க வேண்டும். மத்தியானம் அவர் வீட்டில் ஆசைக்குச் சும்மா அடித்துப் பார்த்திருந்தேன், அவ்வளவுதான். நிர்மலாவின் அப்பா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, வேறு வழியில்லாமல் தலையாட்டினார்.

நாலு மணிக்கு ஏரிக்கரையில் ஆரம்பித்தோம். மணிமாறன் பாடிக்கொண்டே அடித்தார், நான் பின்னால் சீராகத் தாங்கினேன். நிர்மலாவின் சித்தி, அதாவது இறந்தவரின் தங்கை, கண்ணை மூடி நின்றார். இந்த வீட்டுக்கு அக்கா வரும்போதெல்லாம் சித்தி மேல்தான் வருவாளாம். கொஞ்ச நேரத்தில் சித்தியின் உடம்பு லேசாக அசைந்தது. எனக்குக் கை துறுதுறுத்தது. வேகத்தை இரட்டிப்பாக்கி, தெரிந்த உருட்டல் எல்லாவற்றையும் அள்ளி விட்டேன். கூட்டம் விசில் அடித்தது, செல்போன்கள் உயர்ந்தன.

சாமி வந்தது. ஆனால் சித்தி மேல் அல்ல. வேடிக்கை பார்க்க வந்த அடுத்த தெரு அம்மா ஒருவர் தலையை விரித்துப் போட்டுக்கொண்டு முன்னால் பாய்ந்தார். வந்திருப்பது மாரியம்மன். "இன்னாடா, என்னக் கூப்ட்டுட்டு வேற யாருக்கோ காத்துக்கினு நிக்கறீங்க?"

நான் குச்சியை இறக்கினேன். மணிமாறன் கோபப்படவில்லை. அம்மனுக்கு முறையாகப் பாடி, எலுமிச்சையும் மஞ்சள் தண்ணீரும் கொடுத்து, கற்பூரம் காட்டி மலையேற்ற அரை மணி நேரம் ஆனது. அதற்குள் சித்தி தெளிந்து உட்கார்ந்துவிட்டார். அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பத் தயாரானார். நிர்மலா என்னைப் பார்த்தாள், நான் பம்பைக் கயிற்றின் முடிச்சைப் பார்த்தேன்.

மணிமாறன் என் காதருகே வந்து, "வேகமா அடிச்சா அந்தம்மாதான் ஆடுவாங்க, ஊருக்கே தெரியும். வுடுங்க. இப்ப சித்தி காலப் பாருங்க. அவங்க கால் வெச்சா அடிங்க, வெக்கலன்னா சும்மா இருங்க" என்றார்.

மறுபடி ஆரம்பித்தோம். சித்தியின் பாதத்தை மட்டும் பார்த்தேன். அது என் மாணவர்களுக்கு நான் வைக்கும் மெட்ரோனோமின் டிக் டிக் மாதிரி ஒரே சீராக விழவில்லை. ஒன்று தயங்கி விழுந்தது, இன்னொன்று சீக்கிரம் விழுந்தது, சிலது விழவே இல்லை. விழாத இடத்தில் குச்சியைத் தூக்கிக்கொண்டு காத்திருப்பதுதான் பெரிய கஷ்டம். இருபது வருடமாக எந்த இடத்தையும் காலியாக விட்டுப் பழக்கமில்லாத கை அது. மணிமாறன் எப்படி அடிக்கிறார் என்பது அப்போதுதான் புரிந்தது. அவர் கணக்கு எதிரே நிற்கிறவரிடம் இருக்கிறது.

பொழுது சாயும் நேரத்தில் சித்தியின் தோள் குலுங்கியது. பம்பையை நிறுத்தினோம். அவர் நேராக அப்பாவிடம் போனார். குரல் அமைதியாக இருந்தது.

"எம்பொண்ணு தேடிக்கினவன இன்னும் எட்டவே நிக்க வெச்சிருக்கியே. போய் இட்டுக்கினு வா."

மாப்பிள்ளைப் பையன் ஏரியின் அந்தக் கோடியில், யாரும் கூப்பிடாததால், பைக்கை நிறுத்திவிட்டு நின்றுகொண்டிருந்தான். அப்பா கரை மேல் நடந்தே போனார். என்ன பேசினார் என்று எங்களுக்குக் கேட்கவில்லை. திரும்பி வரும்போது அவன் கையைப் பிடித்திருந்தார். அது சித்தியின் மனசுதான் பேசியது என்று யாராவது பின்னூட்டத்தில் எழுதலாம். இருக்கட்டும். நான் அழுதுவிட்டேன்.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். தையும் மாசியும் நல்ல காலம், வெயில் கம்மி. ஆம்பூர் பஜார் பக்கம் லாட்ஜில் அறை 800 ரூபாய்க்குக் கிடைத்தது. வீட்டாரைக் கேட்காமல் போகாதீர்கள், அழைப்பு நடக்கும்போது செல்போனைத் தூக்காதீர்கள். வயிற்றில் இடம் வைத்திருங்கள், சாப்பிடாமல் அனுப்ப மாட்டார்கள். பந்தலில் எனக்குச் சாம்பார் ஊற்றியது அந்த அடுத்த தெரு அம்மாதான். ஆடித் திருவிழாவுக்கு நான் கட்டாயம் வர வேண்டுமாம், என் அடி அவருக்குப் பிடித்திருக்கிறதாம்.

மறுநாள் தாலி கட்டி முடிந்ததும் நிர்மலாவிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். மணிமாறனுக்கும் அந்த வீட்டுக்கும் நான் என்றைக்கும் நன்றி சொல்லிக்கொண்டிருப்பேன் என்றால், அதற்கு அவள் சொன்ன பதிலும் ஒரு காரணம். மேடையில் எத்தனையோ கைதட்டல் வாங்கியிருக்கிறேன், இப்படி ஒரு பாராட்டு வாங்கியதில்லை.

"ரெண்டாவது வாட்டி நீங்க அடிச்சது எனக்குக் கேக்கவே இல்லண்ணா. எங்கம்மா நடந்து வந்ததுதான் கேட்டுச்சு."