இருபத்தொரு அங்குலச் செற்றி

சோபா போன்ற செற்றி செய்விக்க வருகிறவர்கள் அளவைக் கையால் காற்றில்தான் காட்டுவார்கள். அதை நம்பி மரம் அறுப்பதும் பஞ்சு அடைப்பதும் குசன்காரன் தலைவிதி. நெல்லியடியில் கடை வைத்திருந்த காலத்தில் நான் காற்றில் பார்த்த செற்றிகள் எல்லாமே அழகானவை. வீட்டுக்கென்று எதையாவது ஆசைப்பட்டுச் செய்வித்தவர்களுக்கு என் பாடு புரியும்.

சொகுசு கூடிப்போச்சு

உடுவிலிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வந்தார். மாதிரிச் செற்றியில் இருந்தவர் அப்படியே கண்ணயர்ந்துவிட்டார். இலவம்பஞ்சு பறக்கிற மத்தியானம். எழுப்ப எனக்கும் மனம் வரவில்லை. அரை மணித்தியாலத்தில் விழித்தவர், தனக்குப் பஞ்சைக் குறைத்து அடைக்கச் சொன்னார். நல்லாய்த்தானே நித்திரை கொண்டீர்கள் என்றேன்.

"அதுதான் தம்பி பயம். வீட்டை வாறவை இருக்கவும் வேணும், எழும்பவும் வேணும்."

கடல் வேண்டாம்

ராணி தொண்டைமானாற்றுப் பெண். எண்பத்து மூன்றாம் ஆண்டில் கல்யாணம் முடிந்த இருபதாம் நாள் புருசன் கப்பல் வேலைக்குப் போய்விட்டார். வரட்டுமா என்று அவர் எழுதும்போதெல்லாம், சண்டையில் நாடு கிடக்கிற கிடையில் வரவேண்டாம் என்று இவளே பதில் போட்டிருக்கிறாள். ஆறு வருடம் கழித்து, வாருங்கோ என்று எழுதித் தபாலில் போட்டுவிட்டு நேரே என் கடைக்கு வந்தாள். இரண்டு பேர் இருக்கிற செற்றி வேண்டுமாம்.

துணித் துண்டுகளை ஒவ்வொன்றாக வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் பிடித்துப் பார்த்தாள், கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். கப்பல்காரருக்கு இதுதான் பொருத்தம் என்று நல்ல நீலம் ஒன்றை நீட்டினேன். சிரித்துவிட்டுச் செவ்விளநீர் நிறத்தை எடுத்தாள்.

"வேண்டாம் அண்ணை. மனிசன் ஆறு வருசமாய்க் கடலைத்தான் பாத்தவர். வீட்டை வந்தும் அதிலையோ இருக்கிறது?"

காற்றில் ஓர் ஆள்

இருக்கை உயரம் வழக்கமாகப் பதினெட்டு அங்குலம். அது காணாது, அவர் உயரமான ஆள் என்றாள். படம் காட்டினாள்: கப்பல் தட்டில் தனியே நிற்கிறார், பக்கத்தில் ஒப்பிட்டுப் பார்க்க வானம் மட்டும்தான். எவ்வளவு உயரம் என்று கேட்டேன். கண்ணை மூடிக்கொண்டு கையைத் தன் தலைக்கு மேலே கொண்டுபோனாள். கை ஓரிடத்தில் நின்றது, பிறகு இன்னும் கொஞ்சம் ஏறியது. அந்த இடத்தில் யாரோ நிற்கிறார்கள் என்றே எனக்கும் பட்டது. இருபத்தொன்று என்று குறித்துக்கொண்டேன்.

போகப் புறப்பட்டவள் வாசலில் நின்றாள்.

"இருபது நாள் பாத்த முகம் அண்ணை. வந்து நிக்கேக்கை, இது ஆரோ எண்டு எனக்குப் பட்டிட்டால் என்ன செய்யிறது?"

கால் எட்டவில்லை

செற்றியை நான் கொண்டுபோய் இறக்கிய அன்றே அவரும் வந்து இறங்கினார். மெதுவாகப் பேசுகிற, ராணியின் உயரமே உள்ள மனிதர். இருங்கோ என்றாள். இருந்தார். இரண்டு காலும் அந்தரத்தில் தொங்கின. பெருவிரல்கூட நிலத்தில் படவில்லை.

ஆறு வருடமாக இவள் காத்திருந்தது காற்றில் காட்டிய அந்த ஆளுக்கல்லவா? அவர் தன் கால்களைப் பார்த்தார், வெட்கப்பட்டார், பிறகு வள்ளத்து விளிம்பில் இருப்பவர் மாதிரி மெல்ல ஆட்டத் தொடங்கினார். ராணி அந்தக் கால்களையே கனநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு உன்னி ஏறி அவருக்குப் பக்கத்தில் இருந்தாள். அவள் காலும் எட்டவில்லை. அவளும் ஆட்டினாள்.

"ஆள் சரிதான் அண்ணை. செற்றியின்ரை காலை வெட்டுங்கோ."

ஆளைக் காணாமல் இனி அளவெடுப்பதில்லை என்று அன்றைக்கே முடிவெடுத்தேன். ஆனால் அந்த நாட்களில் எங்கள் பக்கத்து வீடுகளில் பாதி ஆட்கள் எங்கோ தூரத்தில் இருந்தபடியால், அந்த முடிவு ஒரு கிழமைகூடத் தாங்கவில்லை.