இரண்டு விரல்

நாகேந்திரம் துறைமுகத்தில் சரக்குக் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர். மனைவி காலமாகிப் பல வருடம். மகன் ஜனா கனடாவில். மகள் ரூபிகாவோடு கொழும்பில், வெள்ளவத்தையில் நான்காம் மாடியில் இருந்தார். ரூபிகா லிஃப்ட் கம்பனியொன்றில் என்ஜினியர். தங்கள் கட்டிடத்து லிஃப்ட் நிற்கும் நாளெல்லாம் அவளுக்கு அவருடைய கேலிதான்.

அவரைச் சாகக் கூப்பிட்டவர் டொக்டர் ஷபீகா. நாகேந்திரத்தின் நெஞ்சு நோய்க்கு மருந்து கொடுத்து வந்தவர். குணமாகாத நோயாளியிடம், நினைவு தெளிவாக இருக்கும்போதே, கடைசியில் எந்த வைத்தியம் வேண்டும், எது வேண்டாம் என்று கேட்டு வைப்பது எப்படி என்று இளம் டொக்டர்களுக்கும் தாதிமாருக்கும் தெஹிவளையில் வகுப்பு நடத்தினார். கேட்டுப் பழக ஒரு நோயாளி தேவைப்பட்டது.

"இந்தப் புள்ளகளுக்கு அந்தப் பேச்சை எடுக்கவே தெரியாது, அங்கிள். நீங்க வந்து கொஞ்சம் செத்துக் காட்டணும்."

"சும்மாவோ?"

"டீயும் மரக்கறி ரோல்ஸும் தாறேன்."

"அப்ப சரி, சாகிறன்."

சனிக்கிழமைகளில் பஸ் பிடித்துப் போய்ச் செத்துவிட்டு வந்தார். ஒருமுறை ரூபிகாவும் கூடப் போனாள். வகுப்பில் ஒரு ஒழுங்கு இருந்தது. கேள்வி தாங்க முடியாமல் போனால் நோயாளி இரண்டு விரலை உயர்த்த வேண்டும். ஷபீகா கை தட்டுவார். எல்லாரும் நிறுத்திவிடுவார்கள். அன்றைக்கு நாகேந்திரம் விரலை உயர்த்தவே இல்லை. மூச்சு வாங்குவதை அப்படியே நடிக்கிறார் என்று பிள்ளைகள் வியந்தார்கள். அந்த மூச்சில் நடிப்பு இல்லை என்று ரூபிகாவுக்குத் தெரியும்.

வீட்டில் ஒருநாள், இடியப்பத்துக்குச் சொதி விட்டுக்கொண்டே தொடங்கினார்.

"பிள்ளை, எனக்கு நாளைக்கு மூச்சு நிண்டுதெண்டால்…"

"அப்பா, சாப்பிடேக்க என்ன கதை இது? வாயில நல்லதா ஏதும் வராதே?"

"ஆர் எவரோ பிள்ளையளுக்குச் சொல்லுறன். உனக்குச் சொல்லேலாமக் கிடக்கு."

அவள் எழுந்து தண்ணீர் எடுக்கப் போனாள். அந்தக் கதை அதோடு நின்றது.

மழைக்காலத்தில் நெஞ்சில் சளி கட்டி, நினைவு தப்பி ஆஸ்பத்திரிக்குப் போனார். அவசர சிகிச்சைப் பிரிவில் இருந்த டொக்டர் மேனுகா, ஷபீகாவின் வகுப்பில் படித்தவள். ரூபிகாவை வெளியே நடைவழிக்கு அழைத்து வந்தாள்.

"அக்கா, இனி குழாய் போட்டு மெஷினிலதான் வைக்க வேணும். ஆனா அங்கிள் அது வேண்டாமெண்டு எனக்குச் சொல்லியிருக்கிறார்."

"அது நடிப்பெல்லோ?"

"நடிக்கச் சொல்லித் தந்தது வேற, அக்கா. 'எல்லாம் செய்யுங்கோ' எண்டுதான் நோயாளி சொல்ல வேணும். நீங்கள் வந்த அண்டைக்குத் தவிர, அங்கிள் ஒவ்வொரு முறையும் மாத்தி, 'குழாய் வேண்டாம், பிள்ளை பக்கத்தில இருந்தால் போதும்' எண்டுவார். டொக்டர் ஷபீகா ஏசவும் செய்தவா."

ரூபிகா சுவரில் சாய்ந்தாள். போனில் ஜனா இருந்தான்.

"ரூபி, டிக்கெட் போட்டிட்டன். நான் வரும் மட்டும் அப்பாவை வைச்சிரு."

"அப்பா வேண்டாமெண்டவராம், அண்ணா."

"உன்னட்டச் சொன்னவரோ?"

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளை வந்து முகம் பார்க்கும் வரை வைத்திருப்பது அவர்களுக்குத் தெரிந்த எல்லா வீட்டிலும் நடப்பதுதான். வைத்திருக்காத வீட்டை ஊர் என்ன கதைக்கும் என்பதும் அவளுக்குத் தெரியும்.

"போடுங்கோ" என்று மேனுகாவிடம் சொன்னாள்.

இரவு முழுக்க நடைவழியில் இருந்தாள். விடிந்ததும் மேனுகாவைப் பிடித்தாள்.

"கழட்டேலாதோ?"

"போட முதல்தான் அந்தக் கேள்வி, அக்கா. போட்ட பிறகு எங்கட பெரிய டொக்டர் கழட்ட விடமாட்டார்."

குழாயை இழுத்துவிடுவார் என்று கைகளைக் கட்டிலோடு துணியால் கட்டியிருந்தார்கள். பக்கத்தில் இருக்க அவளை விடவில்லை. பார்வையாளர் நேரத்தில் மட்டும் போய் நின்றாள்.

ஜனா விமான நிலையத்திலிருந்து நேரே வந்தான். கட்டிலருகே குனிந்து, "அப்பா, நான் ஜனா" என்றான். கட்டிய கையில் விரல்கள் அசைந்தன. இரண்டு மட்டும் மெல்ல உயர்ந்து நின்றன.

"பார் ரூபி, என்னைக் கண்டிட்டார்! கை காட்டுறார்!" அவன் அழுதுகொண்டே போனை எடுத்து, மனைவிக்குக் காட்ட வீடியோ பிடித்தான்.

ரூபிகா மேனுகாவைப் பார்த்தாள். மேனுகா குனிந்து மெஷினின் எண்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். யாரும் கை தட்டவில்லை.

விரல்கள் கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டு மடிந்தன. ரூபிகா ஜனாவின் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, வீட்டுக்குப் போக முச்சக்கரவண்டி பிடித்தாள்.

ஜனாவின் லீவு முடிந்து அவன் திரும்பிப் போன அன்றும் மெஷின் ஓடிக்கொண்டுதான் இருந்தது.