கண்ணாடியைக் கழற்றும் அண்ணன்

எங்கள் அண்ணன் நகராட்சியில் சந்தைப் பிரிவு அதிகாரி. அலுவலகத்தில் சொந்தக்காரர் யாராவது எதிரே வந்து நின்றால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். அது இல்லாவிட்டால் நிற்பது சித்தப்பாவா தூணா என்று அவருக்குத் தெரியாது. "வரிசையில வாங்க" என்பார். பல வருஷமாக இதே கதைதான்.

"வீட்டுல ஒட்டடை மட்டும் கண்ணாடி இல்லாமலே தெரியுது" என்பாள் அண்ணி.

புதுச் சந்தையில் கடைகளைக் குலுக்கல் முறையில் கொடுத்தபோது நானும் மனுப் போட்டேன். வீட்டில் தையல் மெஷினைப் போட்டால் கட்டிலை நகர்த்த வேண்டும். கட்டிலை நகர்த்தினால் கதவு திறக்காது. என் ஆசையெல்லாம் வாசலை ஒட்டிய கடைமேல். அங்கே வெயில் நேராக விழும். கறுப்புத் துணியில் கறுப்பு நூலால் தைக்க அந்த வெளிச்சம் வேண்டும்.

குலுக்கல் அன்று வெங்காயக் கடைக்காரர் கூட்டத்தில் எழுந்து நின்றார். "எதுக்குய்யா குலுக்கல்? வாசல் கடை சாரோட தங்கச்சிக்குத்தான்னு ஊருக்கே தெரியுமே!"

எனக்குக் காது சூடாகிவிட்டது. கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

என் பெயரைக் கூப்பிட்டதும் அண்ணன் கண்ணாடியைக் கழற்றினார். சீட்டுப் பானையைத் தள்ளி வைத்தார். "இவங்க என் தங்கச்சி. நான் எடுக்கறது முறையில்ல. வெங்காயக்காரரே, நீங்க வாங்க. எடுக்கறதும் நீங்க, படிக்கறதும் நீங்க."

அவர் கையை விட்டுத் துழாவி ஒரு சீட்டை எடுத்தார். சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். குரல் இறங்கிவிட்டது. "கடைசி வரிசை. தண்ணித் தொட்டிக்குப் பின்னால இருக்கற கடை."

கூட்டம் சிரித்தது. அவருக்குத்தான் மனசு கேட்கவில்லை. "பாவம் சார். என் கை ராசியில்லாத கை. இன்னொரு தடவை எடுத்துடலாமே?"

"எடுத்தது எடுத்ததுதான். அடுத்த பேரு."

அன்று அண்ணனோடு நான் பேசவில்லை. எனக்கும் சேர்த்து அண்ணி பேசினாள். "ஊருக்கு நல்லவரே, கூடப்பிறந்தவளை இருட்டுல தள்ளிட்டு வந்தீங்களா?"

"தள்ளினது நான் இல்லம்மா. வெங்காயம்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதற்குப் பிறகு கோபத்தை எங்கே தேடுவது?

வாசல் கடை செருப்புக் கடைக்காரருக்குப் போயிற்று. வெங்காயக்காரர் இப்போது வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "தைக்கணுமா? தொட்டிக்குப் பின்னால போங்க. என் கையால எடுத்துக் குடுத்த கடை" என்று சொல்லி அனுப்பிவைக்கிறார். அண்ணன் சந்தையைப் பார்வையிட வந்தால் என் கடையை மட்டும் உதவியாளர்தான் பார்ப்பார். அண்ணன் கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் தாண்டிப் போவார். போன வாரம் அப்படிப் போகும்போது வெளியே தொங்கிய பாவாடையில் மோதி, "மன்னிச்சுக்கங்கம்மா" என்று அதனிடம் சொல்லிவிட்டு நடந்தார்.

கடையில் பகலிலும் பல்பு எரிகிறது. கறுப்புத் துணிகளைக் காலையில் தொட்டி ஓரமாக உட்கார்ந்து தைத்துவிடுகிறேன். அலமாரி நிறைய வேலை இருக்கிறது.