முதலாளியின் பௌர்ணமி

எங்கள் முதலாளியின் தோட்டத்தில் நிலவைக் கேட்காமல் ஒரு கிளையும் வெட்ட முடியாது. வீடும் நிலவறையும் ஜேர்மனியில் இருக்கின்றன; திராட்சைக் கொடிகளில் பாதி எல்லை தாண்டி பிரான்ஸ் மண்ணில். நான்கு தலைமுறையாக ஒரே குடும்பம், பிரெஞ்சு வகை வெள்ளை வைன் மட்டும். இரசாயனம் கிடையாது. அதற்குப் பதில் மாட்டுக்கொம்புக்குள் படிகக்கல் தூளை அடைத்துப் புதைத்து, பல மாதம் கழித்துத் தோண்டி எடுப்பார்கள். அதில் ஒரு சிட்டிகையைப் பீப்பாய்த் தண்ணீரில் போட்டு ஒரு மணி நேரம் கலக்கி, விடியற்காலையில் இலைகளில் தெளிக்க வேண்டும். பதினாறு வருடமாக அதைக் கலக்குகிறவன் நான். முதல் வருடம் சிரிப்பு வந்தது. பிறகு முதுகுவலிதான் வந்தது.

வைன் சுவைக்க வருகிறவர்களிடம் முதலாளி என்னைக் காட்டி, “இவருக்கு இது இரத்தத்திலயே இருக்கு. இவரின்ர ஊரில மாடு தெய்வம்” என்பார். மண்ணாங்கட்டி! நான் யாழ்ப்பாணம் ரவுனில் றேடியோ திருத்தும் கடையில் நின்றவன். மாட்டுக்குக் கிட்டப் போகவே எனக்குப் பயம்.

இரண்டு வருடத்துக்கு முன், அறுவடை நேரத்தில், அம்மா ஊரில் இறந்துபோனார். பழம் காத்திருக்காது என்றார் முதலாளி. ஒரே பிள்ளை நான் இருக்க, பெரியப்பா மகன் கொள்ளி வைத்தான். நான் கொடிகளுக்கு நடுவே கத்தரிக்கோலோடு நின்று கைபேசியில் பார்த்தேன். வருடம் முடிந்து வந்த ஆட்டைத் திவசத்துக்கும் அறுவடை வந்துவிட்டது. அதனால் இந்த வருடச் சித்திராபௌர்ணமியை மட்டும் விடுவதில்லை என்றிருந்தேன். தாயை இழந்தவர்கள் விரதமிருந்து தாயின் பெயருக்குப் பூசை செய்யும் நாள் அது. அம்மாவுக்கு நான் கையால் செய்யக்கூடியது அது ஒன்றுதான் மிச்சம்.

ஒரு மாதத்துக்கு முன்பே லீவு கேட்டேன். முதலாளி சுவரில் தொங்கிய நிலாக் கலண்டரைப் பார்த்தார்.

“அண்டைக்கு முழு நிலா. அண்டைக்குத்தான் தெளிக்கவேணும். நிலவை மாத்த ஏலாது, உனக்குத் தெரியும்தானே.”

“எனக்கும் அதே நிலாதான்” என்றேன்.

சிரித்துத் தோளில் தட்டினார். “கோயில் எங்கேயும் ஓடாது. ஞாயிற்றுக்கிழமை போய்க் கும்பிடு.”

பல்லைக் கடித்துக்கொண்டு சரி என்றேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என்மேல்தான் ஆத்திரம் வருகிறது.

“இன்னொருக்கால் கேட்டுப் பாருங்கோவன். பிள்ளை நீங்களெல்லோ?” என்றாள் மனைவி.

“கேட்டாச்சு. ஏலாதாம்.”

கோயில் நான்கு மணி நேர ஓட்டம், பூசை பத்து மணிக்கு. அம்மாவின் பெயரையும் நட்சத்திரத்தையும் ஒரு துண்டில் எழுதிக் கொடுத்தேன். அவள் தெரிந்தவர்களோடு வான் வண்டியில் விடியமுன்னம் புறப்பட்டாள்.

நான் குளித்து, வெறும் வயிற்றோடு வேலைக்குப் போனேன். நிலா மேற்கே இறங்கிக்கொண்டிருந்தது. இதையும் அம்மாவுக்குச் செய்கிற பூசையாக நினைப்போமே என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டு கலக்கினேன். சுழி விழும்வரை ஒரு பக்கம், பிறகு மறுபக்கம். ஒரு மணி நேரம் முடிகிறபோது வானம் மூடிக்கொண்டு தூறத் தொடங்கியது. பொறுத்துப் பார்ப்போம் என்றார் முதலாளி. ஒன்பது மணிவரை கொட்டிலுக்குள் பீப்பாயோடு இருந்தேன்.

பிறகு அவர் கோப்பிக் குவளையோடு வந்து எட்டிப் பார்த்தார். “இண்டைக்குச் சரிவராது. ஊத்திவிடு. நாளைக்கோ நாளையிண்டைக்கோ அடிப்பம்.”

“அப்ப நிலா?”

“அட, ஒரு நாள் ரெண்டு நாள் முன்னப்பின்னப் போனா ஒண்டும் இல்லை.”

அவர் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். என்னிடம் மாதத்துக்கு முன் சொன்னது அவருக்கு ஞாபகமே இல்லை. “வந்தது வந்திட்டாய், மேல் வரிசையில கொடியைக் கட்டிவிடு” என்று போய்விட்டார். பீப்பாயைச் சரித்து ஊற்றினேன். பத்து மணிக்கு மழையில் நனைந்துகொண்டு கொடி கட்டினேன்.

பின்னேரம் மனைவி விபூதியும் பிரசாதமும் கொண்டு வந்தாள்.

“பேர் வாசிக்கேக்கை மகன் எங்கை எண்டு ஐயர் கேட்டவர். வர ஏலாத வேலை எண்டு சொன்னனான்” என்றாள். என் நெற்றியில் விபூதியைப் பூசிக்கொண்டே, “தெளிச்சு முடிஞ்சுதோ?” என்று கேட்டாள்.

“ஓம்” என்றேன். “வடிவாத் தெளிச்சு முடிச்சாச்சு.”