ஒன்பதை மட்டும் சுரண்டினோம்

பிள்ளைகளா, நேற்று நீங்கள் இரண்டு பேரும் வாசல் மரக்கதவுக்கு நீலப் பெயிண்ட் அடித்ததில், அதில் செதுக்கியிருந்த வீட்டு எண்ணும் மூடிப்போயிற்று. காலையில் கூரியர்க்காரர் தெருவை மூன்று தரம் சுற்றிவிட்டு என்னைப் போனில் வைதார். அழகாக இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் உடைந்த கண்ணாடிச் சில்லோடு உட்கார்ந்து சுரண்டுகிறவன் நான்தானே? தின்னர் வாடை மூக்கில் ஏறியதும் பழைய எரிச்சலும் கூடவே ஏறிவிட்டது.

கல்யாணத்துக்கு முன்னால் பாபநாசத்துக்குக் கீழே ஓர் அணைக்கட்டில் எனக்குக் காவல் வேலை. படித்துறை ஓரம் ஒரு தேக்குக் கம்பம் நிற்கும். அதில் அடிக்கணக்கை உளியால் வெட்டியிருப்பார்கள். ஆறு எத்தனை அடி ஓடுகிறது என்று வாசித்துச் சொல்ல வேண்டும். பெரிய அதிகாரி வருகிறார் என்றால் அசையாமல் நிற்பதற்கெல்லாம் பெயிண்ட் அடித்துவிடுவார்கள், தெரியுமில்லையா. பெஞ்சு, கேட்டு, கம்பம் எல்லாம் ஒரே பச்சை.

"எண்ணு மறையுதே அண்ணாச்சி" என்றேன் மேஸ்திரியிடம்.

"லெச்சணமா இருக்குலே, சும்மா கெட."

அதிகாரி ஜீப்பை விட்டு இறங்கவே இல்லை.

ஐப்பசியில் ஆறு பெருகியது. கீழூர் நெசவாளி மீரான் அண்ணாச்சி நனைந்துகொண்டே சைக்கிளில் வந்தார். ஒன்பதடி தாண்டினால் அவர் தறிக்குழிக்குள் தண்ணீர் வந்துவிடும். முன்கூட்டியே தறியில் ஓடும் பாவு நூலை அறுத்துத் தூக்கினால் பாதி நெய்த சேலை வீண். அறுக்காமல் வெள்ளம் புகுந்தால் நூல் மொத்தமும் வீண்.

"எத்தன அடி நிக்குதுவே?"

"தெரியல்லையே அண்ணாச்சி. பெயிண்ட் அடிச்சிட்டாங்க."

"அப்பம் ஆத்துக்கும் ஒரு கோட்டு அடிக்கச் சொல்லும். அடுத்த ஆபீசர் வந்தா மெச்சிக்கிடுவாரு."

ஒன்பது எந்த இடம் என்று எனக்குக் கண்ணளவுகூட இல்லை. தினமும் எண்ணை வாசித்தேனே தவிர ஆற்றைப் பார்த்தவனில்லை. ஒரு பாட்டிலை உடைத்து ஆளுக்கொரு சில்லு எடுத்தோம். நான் அவசரத்தில் குறுக்கே இழுத்தேன். சிராய் விரலில் ஏறியது. "இழை ஓடுத பக்கமா இழும்வே, பைய" என்றார் அவர். வெட்டுப்பள்ளத்தில் உறைந்திருந்த பெயிண்டை ஆணியால் நோண்டியதும் ஒன்பது தெரிந்தது. தண்ணீர் அதற்கு நாலு விரல் கீழே.

அவர் வீட்டுக்குப் போகவில்லை. தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு அந்த எண்ணையே பார்த்தபடி படியில் உட்கார்ந்தார். சாயங்காலம் தண்ணீர் வடிந்து நாலு விரல் ஆறு விரலானது. "அறுக்கல்ல. நாளைக்கும் நெய்வேன்" என்று சைக்கிளை எடுத்தார்.

மற்ற எண்களைச் சுரண்ட ஆள் அனுப்பச் சொல்லி எத்தனையோ தரம் கேட்டேன், யாரும் வரவில்லை. நான் அங்கே இருந்தவரை கம்பத்தில் ஒன்பது மட்டும்தான் தெரிந்தது. கீழூர்க்காரர்களுக்கு அது போதுமானதாக இருந்தது.

போன மாதம் அந்தப் பக்கம் போனேன். கம்பத்தைப் பிடுங்கிவிட்டார்கள். ஒரு கருவி இருக்கிறது, அளவு போனிலேயே வந்துவிடுமாம். மீரான் அண்ணாச்சி வீட்டில் தறிக்குழியை மண் போட்டு நிரப்பி, மேலே டைல்ஸ் ஒட்டியிருந்தது. ஒன்பதடிக்குப் பயப்படக் கீழூரில் இப்போது ஒரு தறிகூட இல்லை.