தேதி போடாத ஒப்பந்தம்

திங்கள் பகல் பன்னிரண்டு மணிக்கு விமானம் இறங்கியது. சென்னையிலிருந்து இரண்டேகால் மணி நேரம். ஊர்ப் பலகையில் ஸ்ரீ விஜயபுரம் என்று இருக்கிறது. ஆட்டோக்காரர் முதல் எல்லார் வாயிலும் இன்னும் போர்ட் பிளேர்தான். நான் தங்கும் விடுதி இருந்த டெலானிபூருக்கு இருநூறு ரூபாய் கேட்டவர் நூற்றைம்பதுக்கு இறங்கி வந்தார். ஏறி இறங்கும் சாலையில் வளைவுக்கு வளைவு கடல் எட்டிப் பார்த்தது. அழகுதான், ஆனால் ரசிக்கிற நிலையில் நான் இல்லை. மடியிலிருந்த பையை விடுதி வரும்வரை இறுக்கிப் பிடித்திருந்தேன்.

பையில் இருந்தது ஒரு ஒப்பந்தம். தாராபுரத்தில் நானும் தம்பி கார்த்தியும் விதை நெல் வியாபாரம் செய்கிறோம். அந்தமானின் வடகோடியிலுள்ள திக்லிபூரின் விவசாயிகள் சங்கம் ஒன்று ஐந்நூறு மூட்டை கேட்டிருந்தது. நாற்றங்கால் விடுவதற்கு முன்னால், முளைப்பு கெடாமல், அவர்கள் ஊரிலேயே கொண்டுபோய் இறக்க வேண்டும். இரண்டு வருடமாகத் தள்ளாடுகிற எங்களுக்கு இந்த ஆர்டர் கைகூடினால்தான் அடுத்த வருடம் என்று ஒன்று உண்டு. சென்னைக் கிடங்கு, கப்பல், தீவு லாரி எல்லாவற்றையும் ஒரே ஏஜென்டிடம் ஒப்படைத்துக் கையெழுத்து வாங்கவே வந்தேன்.

ஏஜென்ட் பெயர் சேவியர். ஐம்பது வயதிருக்கும். தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரைக் குடும்பம், இப்போது வீடு போர்ட் பிளேர் மரைன் ஹில்லில். ஒப்பந்தத்தில் நான் பெருமையாக எழுதி வைத்திருந்த பிரிவு ஒன்று உண்டு. சரக்கை ஏற்றுக்கொண்டு ரசீது கொடுத்த நாளிலிருந்து பதினைந்து நாளுக்குள் திக்லிபூர் சேர வேண்டும். தாமதமானால் ஒவ்வொரு நாளுக்கும் கட்டணத்தில் பிடித்தம். அன்று மாலை அவர் அலுவலகத்தில், சண்டைக்குத் தயாராகத்தான் அதை வாசித்துக் காட்டினேன்.

"போட்டுருவோம் மேடம். பேனா இருக்கா?" என்றார்.

நான் பேனாவை எடுக்கவில்லை. நூற்றைம்பது ரூபாய் ஆட்டோவுக்கே நாலு வார்த்தை பேசுகிற ஊரில், தன் பணத்தைப் பிடிக்கிற பிரிவுக்கு ஒரு மனிதர் மறுபேச்சு பேசவில்லை என்றால் என்ன அர்த்தம்? திக்லிபூரைப் பார்த்துவிட்டு வந்து கையெழுத்துப் போடலாம் என்று சமாளித்தேன். "நாளைக்கு நானும் மேலதான் போறேன், நம்ம வண்டியிலயே வாங்க" என்றார். அன்று இரவு சரியான தூக்கமில்லை.

செவ்வாய் காலை ஆறரைக்குக் கிளம்பினோம். திக்லிபூர் முந்நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல். ஜிர்கடாங் சோதனைச் சாவடியில் வண்டிகள் வரிசை கட்டி நின்றன. அங்கிருந்து ஜாரவா பழங்குடி மக்களின் காடு. குறித்த நேரத்தில், எல்லா வண்டியும் கூட்டமாகத்தான் போகலாம். நடுவில் நிற்கக் கூடாது, படம் எடுக்கக் கூடாது. ஒன்பது மணிக் கூட்டத்தில் எங்களை விட்டார்கள். எங்கள் பின்னால் வந்த சிமென்ட் லாரிக்குக் காகிதம் ஏதோ சரியில்லை, அது அங்கேயே நின்றுவிட்டது. அதை என் நெல் லாரியாகவே நினைத்துத் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். ஓட்டுநர் பிஸ்வாஸ் கண்ணாடியில் கவனித்துவிட்டுச் சிரித்தார். "டென்ஷன் மத் லோ தீதி. அகலா கான்வாய் மே ஆயேகா."

கவலை வேண்டாம், அடுத்த கூட்டத்தில் வரும் என்கிறார். அடுத்ததிலும் விடாவிட்டால்?  காடு முடிந்து, மிடில் ஸ்ட்ரெய்ட் படகுத் துறையில் வண்டியோடு படகில் ஏறிப் பாராடாங் கரையில் இறங்கினோம். படகு ஒரு பஸ்ஸையும் இரண்டு மூன்று வண்டிகளையும் ஏற்றியதும் நிறைந்துவிட்டது. கரையில் மிச்சமிருந்த லாரிகளை எண்ண ஆரம்பித்து, பாதியில் பயந்து நிறுத்திக்கொண்டேன்.

ரங்கத் என்ற ஊரில் மதியச் சாப்பாடு. மீன் குழம்போடு நூற்றெண்பது ரூபாய். முதல் கவளத்தில் சேவியரின் போன் அடித்தது. சென்னையிலிருந்து அவருடைய ஆள்.

"லாரி வந்துட்டா? ஓரமா இறக்கி வையி. ரசீது போட்டுறாத, கப்பல் தேதி வரட்டும்" என்றார் சேவியர்.

அவர் போனை வைத்ததும் கேட்டேன். "ஏனுங்க, அது யாரு சரக்குங்க?"

"ஒரு மெயின்லேண்ட் கம்பெனி. கோதுமை மாவு."

"வந்து இறங்கின சரக்குக்கு ஏன் ரசீது போடலீங்க?"

"போட்டா அன்னைக்கே நாள் ஓட ஆரம்பிச்சிரும்லா மேடம்? கப்பல் எப்பன்னு எனக்கே தெரியாது. அவங்களும் உங்கள மாதிரிதான் பிடித்தம் எழுதியிருக்காங்க."

"அது வரைக்கும் மாவு?"

"தார்ப்பாய் போட்டு வெளியில கெடக்கும். ரசீது இல்லாத சரக்குக்கு நான் எப்படி ஜவாப்தாரி?"

அவர் முகத்தில் கள்ளம் எதுவும் இல்லை, மீன் முள்ளை எடுத்துக்கொண்டே சொன்னார். கோபம் வந்தது. அடுத்த நிமிடம் அவமானமும் வந்தது. என்னைக் காக்க நான் எழுதிய பிரிவுதான் என் மூட்டைகளை வெளியே தள்ளியிருக்கும். பிடித்தத்தை எவ்வளவு கூட்டுகிறேனோ, அவ்வளவு நாள் நெல் நனையும்.

வண்டி கிளம்பியதும் சொல்லிவிட்டேன். "தாமதத்துக்குப் பிடித்தம் வேண்டாமுங்க, எடுத்துடறேன். ஆனா லாரி வந்த அன்னைக்கே ரசீது. மூட்டை உள்ள, பலகை மேல. நனைஞ்சா முழு விலையும் உங்க பொறுப்பு."

அவ்வளவுதான். முந்தின நாள் பேனா கேட்ட மனிதர் மாயாபந்தர் வரும்வரை வாயை மூடவில்லை. ஐந்நூறு மூட்டைக்கு உள்ளே இடம் ஏது? கிடங்கு வாடகை யார் தலையில்? ஒரு வாரத்துக்கு மேல் கப்பல் வராவிட்டால்? படகில் அலையடித்து நனைந்தாலுமா? ஒவ்வொன்றுக்கும் மல்லுக்கு நின்றார். நானும் விடவில்லை. வாடகையில் பாதி எங்கள் தலையில் என்று முடிந்தது. இரண்டு நாளில் அப்போதுதான் எனக்கு மூச்சு ஒழுங்காக வந்தது. செய்ய நினைப்பதைப் பற்றித்தானே ஒருவர் இவ்வளவு சண்டை போடுவார்.

மாயாபந்தரில் சிக்னல் கிடைத்ததும் தம்பியிடம் சொன்னேன். "அப்ப லேட்டாச்சுன்னா நம்ம கையில என்னக்கா இருக்குது?" என்றான்.

"ஒண்ணுமில்ல கண்ணு. நெல்லு காஞ்சிருக்கும், அவ்வளவுதான்."

போனை வைத்தேன். எனக்கு மறுபடியும் பயம் பிடித்துக்கொண்டது. சங்கத்தார் கேட்டதே தேதியைத்தான்.

புதன் காலை திக்லிபூரில் சங்கச் செயலாளர் மொண்டல் தன் வயலுக்குக் கூட்டிப்போனார். தென்னையும் பாக்கும் சூழ்ந்த வயலில் நாற்றங்காலுக்கு உழுது போட்டிருந்தது. முதல் கேள்வியே விதை எப்போது வரும் என்பதுதான். "பீஜ் கப் ஆயேகா, தீதி?"

சேவியர் என்னைப் பார்த்தார். ஒரு தேதியைச் சொல்லிவிடலாம். நாக்கு நுனிவரை வந்தது. எனக்குத் தெரிந்த அரைகுறை ஹிந்தியில், தேதி தெரியாது, கப்பலைப் பொறுத்தது, ஆனால் நனையாமல் வரும் என்றேன்.

மொண்டல் மண்கட்டி ஒன்றைக் காலால் உடைத்தார். பிறகு, போன வருடம் வேறொரு கம்பெனி தேதி சொன்னது, சொன்ன தேதிக்கு வரவில்லை, வந்த நெல்லில் முக்கால்வாசி முளைக்கவில்லை என்றார். நீங்கள் உள்ளதைச் சொன்னீர்கள், அதனால் இருநூற்றைம்பது மூட்டை அனுப்புங்கள். மீதி நிலத்துக்கு எங்கள் வீட்டு நெல்லையே விதைத்துக்கொள்கிறோம். மழை எங்களுக்காக நிற்காதே என்றார்.

உண்மை சொன்னதற்குப் பாதி ஆர்டர் போனது. திரும்பும் வழியெல்லாம் மனது ஆறவில்லை. போர்ட் பிளேரில் கையெழுத்துப் போட்டபோது, மூட்டை பாதியானதால் வாடகையில் தன் பங்கும் பாதிதான் என்று சேவியர் புதிதாகத் தொடங்கினார். அது ஒன்றில்தான் சிரித்தேன்.

எங்கள் ஊரில் லாரி இரண்டு மணி நேரம் தாமதித்தால் ஓட்டுநரை நாலு தடவை அழைத்துத் திட்டுவேன். இந்தக் கப்பலுக்குத் திட்ட யாருமில்லை. மூட்டைகள் சென்னை போய்ச் சேர்ந்த அன்று மாலையே ரசீதின் படம் வந்துவிட்டது. மூட்டைகள் உள்ளே, பலகை மேல் இருக்கின்றன. கப்பல் தேதி இன்னும் வரவில்லை. தாராபுரத்தில் வெயில் கொளுத்துகிறது. நான் காலையில் எழுந்ததும், திக்லிபூரில் மழை விழுந்துவிட்டதா என்று போனில் பார்க்கிறேன்.